கோத்தகிரிக் கடையின் ஆன்லைன் விற்பனை: பணம் போனது, ஆர்டர் எங்கே?

கோத்தகிரியில் தேயிலைத்தூள், வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட், வீட்டுச் சாக்லேட், நீலகிரித் தைலம் விற்கும் ஒரு குடும்பக் கடையின் ஆன்லைன் தளத்தைச் சீரமைத்த வேலையின் பதிவு இது. கடை, பழைய தளத்தைக் கட்டியவர், பணம் வசூலித்துத் தரும் கேட்வே நிறுவனம் என யாருடைய பெயரும் இதில் வராது. கடையை நடத்துபவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இதற்கு முன் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் துணி விற்கும் தளங்களில் வேலை பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பனியன் விற்கும் தளமும் வர்க்கி விற்கும் தளமும் ஒன்றுதான். பொருள் பட்டியல், கூடை, பணம், பார்சல். ஆனால் சேலை உருகாது, நொறுங்காது, சில வாரத்தில் கெட்டுப்போகாது, தீப்பிடிக்கும் சரக்கு என்று விமானப் பார்சலில் மறுக்கப்படாது. இந்த மலைக்கடையின் அலமாரியில் இந்த நான்கு வகைப் பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. துணிக்கடைக்கு எழுதிய நிரலை அப்படியே கொண்டுவந்து வைத்தால் எங்கே உடையும் என்பதை இந்த வேலையில்தான் முழுசாகப் பார்த்தேன்.

ஆன்லைன் கடை வாங்குபவரிடம் மூன்று விஷயம் சொல்கிறது. சரக்கு இருக்கிறது, உங்கள் பணம் வந்துவிட்டது, இந்தத் தேதிக்குள் கைக்கு வரும். இந்த மூன்றும் பொய்யாகாமல் பார்த்துக்கொள்வதுதான் நிரல் எழுதுபவரின் முதல் கடமை என்று நினைக்கிறேன். முகப்புப் பக்கத்தின் அழகு எல்லாம் அப்புறம். பழைய தளம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்று சொல்லும் அடிக்கடி தவறியது.

கடைக்கு யார் வாங்க வருகிறார்கள்

கடைக்கு இரண்டு வகை ஆன்லைன் வாடிக்கையாளர்கள். சுற்றுலா வந்து போனபின் சென்னை, மதுரை, பெங்களூருவில் இருந்து அதே டீத்தூளைக் கேட்டு வாங்குபவர்கள் ஒரு வகை. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இப்படிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று அக்கா சொல்கிறார். இரண்டாவது வகையை நான் எதிர்பார்க்கவில்லை. கடைக்கே வந்து ருசி பார்த்துவிட்டு, பையில் இடம் இல்லை என்று சுவரில் இருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் காரில் உட்கார்ந்தபடியே வீட்டு முகவரிக்கு ஆர்டர் போடுபவர்கள்.

கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். ஏப்ரல், மே சீசனில் கூட்டம் ஏறிவிட்டால் சிக்னல் முழுசாகக் காட்டினாலும் பக்கம் திறக்காது. பழைய தளத்தின் பணச் சிக்கல் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் வந்தது.

பணம் போன கதை

அக்கா என்னைக் கூப்பிட்டதற்குக் காரணமே இதுதான். "தம்பி, பணம் எடுத்துட்டாங்க, ஆர்டர் நம்பர் வரலைன்னு தினம் போன் வருது. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது? எங்கிட்ட ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது" என்றார். சிலருக்கு வேறு விதமான தொல்லை. ஆர்டர் வரவில்லை என்று மறுபடியும் பணம் கட்டி, இரண்டு முறை பணம் போயிருந்தது.

முதலில் நிரலைத் திறக்கவில்லை. கேட்வே நிறுவனம் தரும் வசூல் பட்டியலை ஒரு பக்கமும், தளத்தின் ஆர்டர் அட்டவணையை இன்னொரு பக்கமும் வைத்து, தொகையையும் நேரத்தையும் கொண்டு பொருத்திப் பார்த்தேன். வசூல் பட்டியலில் இருந்து ஆர்டர் அட்டவணையில் இல்லாதவை ஏறக்குறைய எல்லாமே யுபிஐ கட்டணங்கள். கார்டில் கட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் அபூர்வம். இந்த ஒரு வேறுபாடே பாதி விடையைச் சொல்லிவிட்டது.

கார்டில் கட்டும்போது ஆள் பிரவுசரை விட்டு வெளியே போவதில்லை. ஓடிபி போட்டதும் அதே தாவலில் கடைப் பக்கத்துக்குத் திரும்புகிறார். யுபிஐயில் அப்படியில்லை. பிரவுசரில் இருந்து கட்டணச் செயலி திறக்கிறது, அங்கே பின் எண் போடுகிறார், பணம் போகிறது, பிறகு பிரவுசருக்குத் திரும்ப வேண்டும். நினைவகம் குறைவான ஆண்ட்ராய்டு போனில் கட்டணச் செயலி திறக்கும்போது பின்னால் இருக்கும் பிரவுசர் தாவலை இயங்குதளம் மூடிவிடுவது சாதாரணம். சிலர் 'பணம் செலுத்தப்பட்டது' என்ற பச்சைத் திரையைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று போனை வைத்துவிடுகிறார்கள். வளைவில் சிக்னல் போனால் திரும்பும் பக்கம் ஏற்றம் ஆவதே இல்லை.

பழைய தளத்தின் நிரல் என்ன செய்தது என்றால், பணம் கட்டியபின் வாங்குபவர் திரும்பி வரும் அந்த நன்றிப் பக்கம் திறக்கும்போதுதான் ஆர்டரையே உருவாக்கியது. அதுவரை கூடையில் இருந்தது எல்லாம் பிரவுசரின் செஷனில், அதாவது அந்த வருகைக்கு மட்டும் நிற்கும் தற்காலிகப் பதிவில் மட்டும் இருந்தது. வாங்குபவர் திரும்பி வரவில்லை என்றால் ஆர்டர் என்று ஒன்று எங்கேயும் இல்லை. பணம் மட்டும் கேட்வே கணக்கில் அனாதையாக நிற்கும். இதைவிடக் கவலையான விஷயம், நன்றிப் பக்கத்தின் முகவரியிலேயே வெற்றி என்ற சொல் இருந்தது. அந்த முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்தால் பணம் கட்டாமலே ஆர்டர் பதிவாகும். யாரும் அதைப் பயன்படுத்திய தடயம் இல்லை என்பது அக்காவின் நல்ல நேரம்.

புதிய அமைப்பில் வரிசையை மாற்றினோம். 'பணம் கட்டு' என்று அழுத்தியதுமே ஆர்டர் அட்டவணையில் ஒரு வரி விழுகிறது. பெயர், முகவரி, பொருள்கள், மொத்தத் தொகை எல்லாம் சர்வரில் எழுதப்பட்டு, 'பணத்துக்குக் காத்திருக்கிறது' என்ற நிலையில் நிற்கும். தொகையையும் சர்வரே கணக்கிடும். பிரவுசர் அனுப்பும் விலையை நம்புவதில்லை. பணம் எல்லாம் பைசாவில், முழு எண்ணாகத்தான் சேமிக்கிறோம். தசம எண்ணில் கூட்டினால் கணினியில் பைசா கணக்கு அங்கங்கே பிசகும், மாதக் கடைசியில் ஆடிட்டர் கேட்பார்.

பணம் வந்ததா என்பதை இனி வாங்குபவரின் பிரவுசர் சொல்லாது. கேட்வே நிறுவனத்தின் சர்வர் எங்கள் சர்வருக்கு நேராகத் தகவல் அனுப்பும். வெப்ஹூக் என்பது இதைத்தான். வாங்குபவரின் போன் அணைந்தே போனாலும் இது வந்து சேரும். இதை எழுதும்போது மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வரும் தகவலின் கையொப்பத்தை ரகசியச் சாவியால் சரிபார்க்காமல் எதையும் நம்பக்கூடாது. ஒரே தகவல் இரண்டு மூன்று தடவை வரலாம், முன்பின்னாகவும் வரலாம் என்பதால் கட்டண எண்ணுக்கு அட்டவணையிலேயே 'ஒரு தடவைதான்' என்ற கட்டுப்பாடு போட வேண்டும். வாங்கியதும் பதிவு செய்துவிட்டு உடனே பதில் அனுப்பிவிட வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்புவது, பில் போடுவது எல்லாம் பின்னால் தனியாக நடக்கட்டும். பதில் தாமதமானால் கேட்வே அதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பும்.

வெப்ஹூக்கும் சில நேரம் வராது. எங்கள் சர்வர் மறுதொடக்கத்தில் இருக்கும், அல்லது அவர்கள் பக்கம் தாமதம். அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன நிரல் ஓடி, காத்திருக்கும் ஆர்டர்களை எடுத்து, 'இந்த ஆர்டருக்குப் பணம் வந்ததா?' என்று கேட்வேயிடம் நாமே கேட்கும்படி வைத்தோம். பல தளங்களில் வெப்ஹூக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கேட்கும் நிரல் இல்லாமல் ஒரு கடையைத் திறக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு இடுக்கு இருக்கிறது. சரக்கை ஒருவருக்காக 15 நிமிடம் பிடித்து வைக்கிறோம். அவர் பணம் அதற்கும் பிறகு வந்து சேர்ந்தால்? சரக்கு இன்னும் இருந்தால் ஆர்டர் உறுதி. தீர்ந்திருந்தால் தானாகவே பணம் திரும்பும், காரணத்தோடு ஒரு எஸ்எம்எஸ் போகும். இரண்டுக்கும் நடுவே, யாராவது பார்த்து முடிவு செய்யட்டும் என்று ஒரு நிலையை நாங்கள் வைக்கவில்லை. சீசனில் பார்க்க ஆள் இருக்காது.

அக்காவின் கேள்விக்கு நேரான பதிலாக ஒரு பக்கம் கட்டினோம். போனில் கூப்பிடுபவரின் கைப்பேசி எண்ணையோ, அவர் கட்டணச் செயலியில் தெரியும் 12 இலக்க யுபிஐ குறிப்பு எண்ணையோ போட்டால், பணம் எங்கே நிற்கிறது என்று ஒரே வரியில் தமிழில் காட்டும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராமல் போனால், பணப் பரிமாற்றம் நடந்த நாளைத் தவிர்த்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு உண்டு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்த விவரத்தையும் அதே பக்கத்தில் போட்டோம். இப்போது அக்கா போனில் பதற்றமில்லாமல் பேசுகிறார். எதிர்முனையில் இருப்பவரும் கோபம் தணிந்து கேட்கிறார்.

ஒரே டப்பா, இரண்டு விற்பனை

கடையில் கவுண்டர் விற்பனையும் ஆன்லைன் விற்பனையும் ஒரே சரக்கில் இருந்து நடந்தன. கவுண்டரில் கடைசி டப்பா போன பிறகும் தளத்தில் 'இருக்கிறது' என்று காட்டும். ஒருவர் பணம் கட்டிவிடுவார். அக்கா போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இது வாரத்துக்கு வாரம் நடந்தது.

இதில் நிரல் சார்ந்த ஒரு கோளாறும் கலந்திருந்தது. பழைய தளம் இருப்பைப் படித்து, ஒன்றைக் கழித்து, திரும்ப எழுதியது. ஒரே நொடியில் இரண்டு பேர் வந்தால் இருவருமே பழைய எண்ணைப் படிப்பார்கள், இருவருக்கும் கிடைத்துவிடும். 'கேட்ட அளவு இருந்தால் மட்டும் கழி' என்று ஒரே கட்டளையாக டேட்டாபேஸிடம் சொல்லிவிட்டால் இது தீரும். கட்டளை எந்த வரியையும் மாற்றவில்லை என்றால் சரக்கு இல்லை என்று பொருள். கூடவே அட்டவணைகள் மைஐசாம் என்ற பழைய வகையில் இருந்தன. அதில் டிரான்சாக்ஷன் கிடையாது, அதாவது பல படிகளை ஒன்றாக முடிக்கவோ, பிழை வந்தால் ஒன்றாகத் திரும்பப் பெறவோ முடியாது. இருப்பைக் கழித்த பின் பில் எழுதும்போது பிழை வந்தால், கழித்தது கழித்தபடியே நிற்கும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், 5.5 பதிப்பு வெளியான 2010இல் இருந்தே டிரான்சாக்ஷன் உள்ள இன்னோடிபிதான் இயல்பான வகை. பழைய ஹோஸ்டிங்கில் இருந்து நகர்த்திக்கொண்டே வந்த தளங்களில் இப்படிப் பழைய அட்டவணை மிஞ்சியிருப்பதை நிறையப் பார்க்கலாம். மாற்றுவது ஒரு இரவு வேலைகூட இல்லை.

கவுண்டர் பக்கம்தான் கடினம். விற்கும்போது ஒரு பழைய போனில் பதியச் சொல்லலாம், ஆனால் மழை நாளில் நெட் இருக்காது, கரண்டும் போகும். அதனால் அந்தப் போனில் ஓடும் பக்கத்தை ஆஃப்லைனிலும் இயங்கும்படி எழுதினேன். பிரவுசரின் சர்வீஸ் வொர்க்கர் வசதி பக்கத்தைப் போனிலேயே வைத்திருக்கும், இண்டெக்ஸ்டுடிபி என்ற பிரவுசரின் சேமிப்பிடம் விற்பனையைச் சேமித்து வைக்கும், நெட் வந்ததும் அனுப்பும். இதில் முக்கியம், 'இப்போது இருப்பு 8' என்று அனுப்பக்கூடாது. 'இரண்டு விற்றது' என்று அனுப்ப வேண்டும். கணக்கு நோட்டில் வரவும் செலவும் தனித்தனி வரியாக எழுதி, இருப்பைக் கூட்டிப் பார்ப்பது போல. ஒவ்வொரு வரிக்கும் போனிலேயே ஒரு தனி எண் கொடுத்துவிட்டால், நெட் தடுமாறி ஒரே வரி இரண்டு தடவை போனாலும் சர்வர் ஒரு தடவைதான் எண்ணும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு மணி நேரம் நெட் இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தளம் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும். இதற்கு நிரலில் வழி தேடிக்கொண்டிருந்தபோது அக்காதான் கேட்டார்: "ஆன்லைனுக்குன்னு ஒரு அலமாரி தனியா வெச்சுட்டா என்ன தம்பி?" அதைத்தான் செய்தோம். பின் அறையில் ஒரு மர அலமாரி. காலையில் அதில் என்ன வைக்கிறார்களோ அதுதான் அன்றைய ஆன்லைன் இருப்பு. கவுண்டரில் நிற்பவர் அதைத் தொடக்கூடாது. கவுண்டரில் தீர்ந்து அலமாரியில் இருந்து எடுக்கவேண்டி வந்தால் முதலில் போனில் 'அலமாரியில் இருந்து எடு' என்று அழுத்த வேண்டும். நெட் இல்லாவிட்டால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது, எடுக்கவும் கூடாது.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. அலமாரியில் சரக்கு இருக்கும்போதே கவுண்டரில் இல்லை என்று சொல்ல வேண்டி வரும். அதை அக்கா ஏற்றுக்கொண்டார். கவுண்டரில் இருப்பவரிடம் வேறு டீத்தூளைக் காட்டிப் பேசலாம். பணம் கட்டிவிட்டுத் தூரத்தில் காத்திருப்பவரிடம் அது முடியாது. பெரிய கிடங்கு வைத்திருக்கும் நிறுவனங்களும் சரக்கை இப்படி வழிவாரியாகப் பிரித்து வைப்பது உண்டு. ஒரு சின்னக் கடையில் அந்த யோசனை கடைக்காரரிடமிருந்தே வந்ததுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பொருளின் குணம்

தேதியைப் பற்றிச் சொல்லும் முன் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வர்க்கி எடை குறைவு, இடம் அதிகம். கூரியரில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதைக் கன எடை என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் உண்மை எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 3 கிலோ. உள்ளே இருக்கும் வர்க்கி ஒரு கிலோகூட வராது. பழைய தளம் தராசு எடைக்குக் கட்டணம் வாங்கியது. ஒவ்வொரு வர்க்கிப் பார்சலிலும் கடை கைக்காசைப் போட்டுக்கொண்டிருந்தது. புதிய தளத்தில் கடையில் இருக்கும் நான்கைந்து பெட்டி அளவுகளை அட்டவணையில் ஏற்றி, எந்தக் கூடைக்கு எந்தப் பெட்டி என்று நிரல் முதலில் தேர்ந்தெடுக்கும்படி செய்தோம். கட்டணம் பெட்டியைப் பார்த்து வரும்.

சாக்லேட்டின் கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். கோத்தகிரியில் அந்த வெயில் கிடையாது. மேட்டுப்பாளையம் தாண்டினால் மே மாதத்தில் அது சாதாரணம். அதனால் மார்ச் முதல் ஜூன் வரை சாக்லேட்டை எந்த ஊருக்கு அனுப்பலாம் என்பதற்குப் பின்கோடு வாரியாக ஒரு விதி எழுதினோம். இரண்டு நாளுக்கு மேல் வழியில் கிடக்கும் ஊருக்கு அந்த மாதங்களில் சாக்லேட் கூடையில் ஏறவே ஏறாது, காரணம் அங்கேயே எழுதியிருக்கும். விற்பனை குறையும் என்று முதலில் தயக்கம் இருந்தது. உருகி ஒட்டிப்போன பெட்டியின் படத்தோடு வரும் புகாரைவிட இது மேல்.

தைலத்தின் குணம் வேறு. யூகலிப்டஸ் எண்ணெய் எளிதில் தீப்பற்றும் திரவ வகை. விமானத்தில் போகும் பார்சலில் அதை ஏற்கமாட்டார்கள். கூடையில் ஒரு தைலப் புட்டி இருந்தாலே முழுப் பார்சலும் தரைவழி என்று மாறி, தேதியும் தள்ளிப்போகும். அதை வாங்குபவருக்குப் பணம் கட்டும் முன்னரே காட்டுகிறோம். வேண்டுமென்றால் இரண்டு பார்சலாகப் பிரிக்கலாம். தீப்பற்றும், உருகும், நொறுங்கும், சீக்கிரம் கெடும் என்ற நான்கு குணமும் பொருள் அட்டவணையில் நான்கு பத்திகளாக இருக்கின்றன. புதுப் பொருள் சேர்க்கும்போது அக்காவே குறித்துவிடுகிறார். விதியை மாற்ற என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

உணவுப் பொருளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆன்லைனில் விற்கும் உணவு வாங்குபவர் கைக்குப் போகும்போது, அதன் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மீதம் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்கிறது. அதனால் சரக்கை மொத்தமாக ஒரு எண்ணாக வைக்காமல், தயாரித்த தேதி வாரியாக வைத்தோம். முதலில் காலாவதியாவது முதலில் போகும். மீதி ஆயுள் போதாத சரக்கு தானாகவே ஆன்லைன் அலமாரிக் கணக்கில் இருந்து இறங்கி, கவுண்டருக்குப் போகச் சொல்லும்.

பாதை மூடினால்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் பிடிக்கும். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், மரம் விழுந்தோ மண் சரிந்தோ பாதை சில மணி நேரம், ஒரு நாள் அடைபடுவது மழைக்காலத்தில் வழக்கம். பார்சல் வண்டி இறங்காது. தளமோ 'மூன்று நாளில் கிடைக்கும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

தானாகக் கண்டுபிடிக்க எதுவும் கட்டவில்லை. பாதை மூடியது முதலில் தெரிவது பஸ் டிரைவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்தான். அக்காவின் போனில் ஒரே ஒரு பொத்தான் வைத்தோம். அழுத்தினால் புது ஆர்டர்களுக்குத் தேதி இரண்டு நாள் தள்ளிக் காட்டும், பணம் கட்டும் பக்கத்தின் மேலே காரணம் வரும், அனுப்பக் காத்திருக்கும் எல்லா ஆர்டருக்கும் எஸ்எம்எஸ் போகும். ரத்து செய்ய விரும்புபவருக்கு அந்தச் செய்தியிலேயே வழி இருக்கும்.

எஸ்எம்எஸ் விஷயத்தில் ஒரு முன்னேற்பாடு தேவைப்பட்டது. வணிகச் செய்திகளின் வாசக அமைப்பை முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்து ஒப்புதல் வாங்கினால்தான் போகும். மண் சரிந்த அன்று உட்கார்ந்து வாசகம் எழுத முடியாது. ஆகவே செப்டம்பரிலேயே பாதை மூடல் செய்தியைப் பதிவு செய்தோம். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறியீடுதான் அடங்கும், ஆங்கிலத்தில் 160. அதிலும் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'கோத்தகிரி' நமக்கு ஐந்து எழுத்து, அங்கே ஒன்பது. ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்தால் அதற்கேற்பச் செலவும் ஏறும். வாசகத்தைச் சுருக்கிச் சுருக்கி எழுதி, விவரத்தை ஆர்டர் பக்கத்தின் இணைப்பில் வைத்தோம். ஆங்கிலத்துக்கு மாறிவிடலாம் என்ற யோசனையை அக்காவும் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை.

பக்கத்தின் எடையும் தமிழும்

என் முந்தைய வேலைகளில் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை வைத்து முழுத் தளத்தையும் பிரவுசரிலேயே ஓடும் செயலியாகக் கட்டியிருக்கிறோம். பெரிய பட்டியல், நொடிக்கு நொடி மாறும் வடிகட்டிகள் இருக்கும் கடைக்கு அது பொருந்தும். இந்தக் கடையில் மொத்தமே சில டஜன் பொருள்கள். சிக்னல் அரைகுறையாக இருக்கும் வளைவில் ஒரு பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இறங்கி முடியும்வரை வெள்ளைத் திரையைக் காட்டுவது வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம். பிஎச்பி மொழியில் சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து, சுத்தமான ஹெச்டிஎம்எல்லாக அனுப்பினோம். ஜாவாஸ்கிரிப்ட் வராவிட்டாலும் கூடையும் கட்டணமும் வேலை செய்யும். படங்களை அளவு குறைவான வெப்பி வடிவத்துக்கு மாற்றி, திரை அளவுக்கு ஏற்ற படம் மட்டும் இறங்கும்படி வைத்தோம். போனில் எடுத்த முழு அளவுப் படங்கள் அப்படியே ஏறியிருந்ததுதான் பழைய தளத்தின் கனத்துக்குப் பெரும்பங்கு.

தேடலில் வாங்குபவர்கள் டீத்தூள், தேயிலை, தேயிலைத்தூள் என்று பலவிதமாக எழுதுகிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களும் பலர். ஒரு ஒத்தசொல் அட்டவணை போட்டால் அது முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத சிக்கல் வேறு. 'கொ' போன்ற எழுத்தின் குறியை யூனிகோட் என்ற கணினி எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் பொருந்தாது. உள்ளே வரும் எல்லா எழுத்தையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் சேமிக்கிறோம், தேடுகிறோம். முகவரிக் குறிப்பில் ஒரு மர்மமும் இருந்தது. சிலருடைய குறிப்பு பாதியில் அறுந்திருந்தது. டேட்டாபேஸ் மூன்று பைட் வரையே ஏற்கும் பழைய யுடிஎஃப்8 என்ற எழுத்துச் சேமிப்பு அமைப்பில் இருந்தது. தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் போதும், இமோஜிக்கு நான்கு வேண்டும். கைகூப்பும் இமோஜியோடு 'கோயிலுக்கு எதிர்வீடு' என்று எழுதினால், இமோஜிக்குப் பின்னால் இருப்பது போய்விடும். நான்கு பைட்டும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றியதும் கூரியர்காரரின் அலைச்சலில் ஒரு பங்கு குறைந்தது.

வரி, விதி, சாவி

2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டின் ஜிஎஸ்டி 18இல் இருந்து 5 சதவீதமாக இறங்கியது. பழைய நிரலில் 18 என்ற எண் பல கோப்புகளில் சிதறிக் கிடந்தது. வரியை ஒரு அட்டவணையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற பத்திகளோடு வைத்துவிட்டால், முந்தின இரவே புதிய வரியை ஏற்றிவிட்டுத் தூங்கலாம், பழைய பில்லை எப்போது திறந்தாலும் பழைய வரியே காட்டும். தமிழ்நாட்டுக்குள் போகும் பில்லில் மத்திய, மாநில வரி பாதி பாதி. பெங்களூருக்கோ கொச்சிக்கோ போனால் மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐஜிஎஸ்டி. இதை முகவரியின் மாநிலத்தைப் பார்த்து நிரல் முடிவு செய்கிறது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சின்னக் கடையின் சொந்தத் தளத்துக்கும் பொருந்தும். குறைதீர்ப்பவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்ற பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். சம்மதப் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது. பழைய தளத்தில் விளம்பரச் செய்திக்கான டிக் தயாராக இருந்தது. அதை எடுத்துவிட்டோம்.

தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயர் பழைய தளத்தைக் கட்டியவரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அதை அக்காவின் பெயருக்கு மாற்றி வாங்கியதுதான் இந்த வேலையிலேயே அதிக நாள் இழுத்தது. இப்போது டொமைன், ஹோஸ்டிங், கேட்வே, எஸ்எம்எஸ் எல்லாக் கணக்கும் கடையின் பெயரில், கடையின் எண்ணில் இருக்கின்றன. எனக்கு இருப்பது அக்கா எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய அனுமதி மட்டும். சின்னக் கடைக்குத் தளம் கட்டித்தரும் எல்லாரும் இதை முதல் நாளே செய்துகொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளை நான் வேறு ஊருக்குப் போனாலும் கடை அவருடையதாகவே இருக்க வேண்டும்.

இன்னும் திறக்காதது பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறை. வயதான வாடிக்கையாளர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். வாங்காமல் திருப்பிவிட்டால் இரண்டு பக்கக் கூரியர் செலவும் கடையின் தலையில், திரும்பி வரும் வர்க்கியும் தூளாகித்தான் வரும். அதனால் திரும்பி வந்தாலும் கெடாத தேயிலைக்கு மட்டும், முன்பு ஒருமுறையாவது முன்பணம் கட்டி வாங்கியவர்களுக்கு மட்டும் அடுத்த சீசனுக்கு முன்னால் திறந்து பார்க்கலாம் என்று அக்காவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். கூரியர்காரர் வசூலித்து, சில நாள் கழித்து மொத்தமாகச் செலுத்தும் பணத்துக்கு ஆர்டர் அட்டவணையில் தனி நிலை வேண்டும். அதை எழுதத் தொடங்கிவிட்டேன்.